செலவைப் பற்றி முதல் நாளிலேயே பேசுவோம்
புற்றுநோய்ச் சிகிச்சைக்கான நிதியுதவிகளும் துணைச் சேவைகளும்

புற்றுநோய் உறுதியாகிவிட்டது என்று நாங்கள் தெரிவிக்கும் நாளில், நோயாளியும் குடும்பத்தினரும் பல கேள்விகளைக் கேட்கின்றனர். நோய் எந்த நிலையில் உள்ளது, அறுவை சிகிச்சை தேவையா, முடி கொட்டுமா, உணவில் பத்தியம் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். ஆனால் மனத்தில் முதலில் எழும் ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலோர் எங்களிடம் கேட்பதில்லை. அறையைவிட்டு வெளியே சென்றபின், தாழ்ந்த குரலில் செவிலியரிடம் கேட்கின்றனர்: "மொத்தம் எவ்வளவு ஆகும்?"

இக்கேள்வியை மருத்துவரிடம் கேட்பது மரியாதைக் குறைவு என்றோ, வசதியில்லை என்று தெரிந்தால் சிகிச்சையின் தரம் குறைந்துவிடும் என்றோ சிலர் எண்ணுகின்றனர். இரண்டும் உண்மையல்ல. செலவு குறித்த பேச்சும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அதை நாங்கள் எப்படிக் கற்றுக்கொண்டோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக ஒரு தாயார் எங்களிடம் வந்தார். விவசாயக் கூலி வேலை செய்பவர். வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரங்கள் கதிர்வீச்சுச் சிகிச்சை, அதனைத் தொடர்ந்து உள்கதிர்வீச்சு என்று திட்டமிட்டோம். அரசுக் காப்பீட்டு அட்டை இருந்ததால் சிகிச்சைக்கு அவர் ஒரு ரூபாயும் செலுத்த வேண்டியிருக்கவில்லை. ஆகவே பணம் ஒரு தடையாக இராது என்று நாங்கள் கருதிவிட்டோம். மூன்றாம் வாரத்தில் அவர் வருவதை நிறுத்தினார். இரண்டு மாதங்களுக்குப் பின், இரத்தப்போக்கு மிகுந்து மீண்டும் வந்தபோதுதான் காரணம் தெரிந்தது. அவரை அழைத்துவர வேண்டிய மகனுக்கு நாள்தோறும் கூலி போயிற்று. இருவருக்கும் பேருந்துக் கட்டணம், உணவுச் செலவு வேறு. மூன்றாம் வாரத்தில் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. இடைப்பட்ட காலத்தில் நோய் வளர்ந்துவிட்டது. முதலில் திட்டமிட்ட சிகிச்சையை அதே பயனுடன் தொடர இயலவில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு முழுவதையும் எட்டு வாரங்களுக்குள் முடிப்பது நல்லது. இடைவெளி நீள நீள நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறைகிறது. வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்கும் இது பொருந்தும். எனவே ஒரு வாரப் பேருந்துக் கட்டணம் இல்லாமற்போவதும் மருத்துவச் சிக்கலே. அதனை எங்களிடம் சொல்லுங்கள் என்பதே இக்கட்டுரையின் முதல் வேண்டுகோள்.

பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்

இரண்டாம் வேண்டுகோள் காலம் பற்றியது. உதவித் திட்டங்களில் பெரும்பாலானவை இனி நடைபெறவிருக்கும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. ஏற்கெனவே செலவழித்துவிட்ட தொகையைத் திருப்பித் தருவதில்லை. நகையை விற்று, நிலத்தை அடமானம் வைத்து இரண்டு சுற்றுக் கீமோதெரபியை முடித்துவிட்டு, மூன்றாம் சுற்றின்போது "ஏதேனும் உதவி கிடைக்குமா?" என்று கேட்கும் குடும்பங்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அவர்களுள் சிலருடைய வீட்டுப் பெட்டியில் காப்பீட்டு அட்டை இருந்திருக்கும். சிலர் ஒரு வாரத்தில் அதைப் பெற்றிருக்கக்கூடும். ஆகையால் முதல் தொகையைச் செலுத்தும் முன்னரே கேட்டுவிடுங்கள்.

கேட்கும்போது மூன்று வகைச் செலவுகளையும் கணக்கில் கொள்ளுங்கள். முதலாவது, மருத்துவமனைச் செலவு: பரிசோதனை, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து. இரண்டாவது, வந்துபோகும் செலவு: பயணம், தங்குமிடம், உணவு. மூன்றாவது, இழக்கும் வருமானம்: நோயாளியின் ஊதியமும், உடனிருப்பவரின் ஊதியமும். காப்பீடு பெரும்பாலும் முதலாவதை மட்டுமே ஏற்கும். மற்ற இரண்டிற்கும் வேறு வழிகளைத் தேட வேண்டும்.

ஆவணங்களை ஒரே கோப்பில் வையுங்கள்

எந்த உதவிக்கு விண்ணப்பித்தாலும் ஏறக்குறைய அதே ஆவணங்களைத்தான் கேட்பார்கள். குடும்ப அட்டை, நோயாளியின் ஆதார் அட்டை, வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள் ஆகியவை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டியவை. திசுப் பரிசோதனை அறிக்கை, ஸ்கேன் அறிக்கைகள், நோயின் பெயரையும் நிலையையும் குறிப்பிடும் மருத்துவச் சான்று, சிகிச்சைத் திட்டத்துடன் கூடிய செலவு மதிப்பீட்டுக் கடிதம் ஆகியவை மருத்துவமனையிலிருந்து பெற வேண்டியவை. ஒவ்வொன்றிலும் நான்கைந்து நகல்கள் எடுத்து வைத்துக்கொண்டால் அலைச்சல் பாதியாகக் குறையும். மூல ஆவணத்தை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். மூலத்தையே தர வேண்டிய இடங்களில், நகலை உங்களிடம் வைத்துக்கொண்டு கொடுங்கள்.

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவை எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல் உள்ளனவா என்பதைச் சரிபாருங்கள். குடும்ப அட்டையில் பெயர் இல்லை, ஆதாரில் எழுத்து மாறியுள்ளது என்பன போன்ற சிறு பிழைகளே பல விண்ணப்பங்களைத் தாமதப்படுத்துகின்றன. நோயாளி சிகிச்சையில் இருக்கும்போது குடும்பத்தில் ஒருவர் இப்பணியைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொள்வது நல்லது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்

தமிழ்நாட்டில் வாழும் எளிய குடும்பங்களுக்கு முதன்மையான துணை இத்திட்டமே. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் இதில் சேரலாம். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைத்துச் செயல்படுத்தப்படும் இத்திட்டத்தில், ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு ஏற்கப்படுகிறது. புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோதெரபி ஆகியவை இதில் அடங்கும். அரசு மருத்துவமனைகளிலும், திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் பயன்பெறலாம். முகாம்களில் வசிக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லை.

அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றுடன் குடும்ப அட்டை, ஆதார் அட்டைகளை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்திற்குச் செல்ல வேண்டும். நோயாளி நேரில் செல்ல இயலாத நிலையில் இருந்தால், அதனைக் குறிப்பிடும் மருத்துவக் கடிதத்தை எங்களிடம் பெற்றுச் செல்லுங்கள்.

இத்திட்டம் செயல்படும் முறையை அறிந்துகொள்வது பதற்றத்தைத் தவிர்க்கும். சிகிச்சை தொடங்கும் முன், நோயாளியின் அறிக்கைகளை மருத்துவமனை காப்பீட்டு நிறுவனத்திற்கு அனுப்பி முன் அனுமதி பெற வேண்டும். கீமோதெரபி பல சுற்றுகளாக நடைபெறும்போது ஒவ்வொரு கட்டத்திற்கும் அனுமதி தேவைப்படும். அனுமதி வரும்வரை காத்திருக்கச் சொல்வது இதனால்தான். அனுமதி மறுக்கப்பட்டால் அத்துடன் முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அறிக்கை ஒன்று விடுபட்டதே காரணமாக இருக்கலாம். என்ன காரணம் கூறப்பட்டுள்ளது என்று கேளுங்கள். தேவையான கூடுதல் விளக்கத்தை நாங்கள் எழுதித் தருவோம். திட்டம் குறித்த ஐயங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையோ, 104 என்ற மருத்துவ உதவி எண்ணையோ அழைக்கலாம்.

வருமான வரம்பைக் கடந்தவர்களுக்கு

"எங்களுக்கு அட்டை கிடையாது, கையில் பணமும் கிடையாது" என்று கூறும் நடுத்தரக் குடும்பங்களின் நிலை கடினமானது. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பணியிடம் சார்ந்த உரிமைகளை. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாத தொழிலாளர்களுக்கு உரியது இ.எஸ்.ஐ. காப்பீடு. இதில் உறுப்பினருக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் மருத்துவச் செலவில் உச்சவரம்பு இல்லை. நோயாளியின் மகனோ கணவரோ இ.எஸ்.ஐ. உறுப்பினராக இருந்து, அது இப்போது பயன்படும் என்பதே வீட்டில் எவருக்கும் தெரியாமலிருப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் தனிக் காப்பீட்டுத் திட்டங்கள் உள்ளன. தனியார் காப்பீடு வைத்திருப்போர் பாலிசி ஆவணத்தையும் அட்டையையும் முதல் நாளே கொண்டுவாருங்கள். பழைய நோய்களை மறைக்காமல் சொல்லுங்கள். பின்னர் தெரியவந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படக்கூடும்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதும் செலவைத் தீர்மானிக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிறுவனம், வசதி குறைந்தோருக்குக் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிக்கும் மரபுடையது. தொடர்ந்து செலவு செய்ய இயலாது என்று தோன்றினால், சிகிச்சையைப் பாதியில் நிறுத்தாமல், தொடக்கத்திலேயே எங்களிடம் கூறுங்கள். தகுந்த இடத்திற்கு அறிக்கைகளுடன் முறையாக அனுப்பிவைப்பதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை.

மத்திய அரசின் நிதிகளும் தொண்டு நிறுவனங்களும்

காப்பீட்டுத் தொகை போதாதபோது வேறு சில வாயில்கள் உள்ளன. பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பகுதி உதவி வழங்கப்படுகிறது. விண்ணப்பத்துடன் நோயின் தன்மையையும் செலவு மதிப்பீட்டையும் காட்டும் மூல மருத்துவச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, புகைப்படங்கள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகம் வழியாகவும் பலர் விண்ணப்பிக்கின்றனர். வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளவர்கள் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை பெறும்போது ராஷ்ட்ரீய ஆரோக்கிய நிதியை நாடலாம். அதன்கீழ்ப் புற்றுநோயாளிகளுக்கென்றே சுகாதார அமைச்சரின் புற்றுநோயாளர் நிதி 2009இல் ஏற்படுத்தப்பட்டது. இந்நிதியும் முன்பே செலவானதைத் திருப்பித் தருவதில்லை.

1951இல் தொடங்கப்பட்ட இந்தியப் புற்றுநோய்ச் சங்கம், குணப்படுத்த வாய்ப்புள்ள புற்றுநோய்களுக்கு, தான் அங்கீகரித்த மருத்துவமனைகளின் வாயிலாக உதவி வழங்குகிறது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் கேன்கிட்ஸ் அமைப்பு சிகிச்சை உதவியுடன் மனநல ஆதரவும் அளிக்கிறது. இத்தகைய அமைப்புகள் பெரும்பாலும் மருத்துவமனையின் பரிந்துரையைக் கொண்டே முடிவெடுக்கின்றன. எனவே நீங்கள் தனியே தேடி அலைவதைவிட, எங்களுடன் சேர்ந்து விண்ணப்பிப்பதே விரைவான வழி.

பயணமும் தங்குமிடமும் உணவும்

சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ ரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதி வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி செய்யப்படுகிறது. உடன் செல்லும் ஒருவருக்கு இவ்வகுப்புகளில் 75 விழுக்காடு சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் 75 விழுக்காடு கிடைக்கும். ரயில்வேயின் படிவத்தில் மருத்துவர் கையொப்பமிட்ட சான்றைப் பெற்று, முன்பதிவு மையத்தில் நேரில் காட்டிப் பயணச்சீட்டு எடுக்க வேண்டும். சான்றை எங்கள் புறநோயாளர் பிரிவில் கேட்டுப் பெறலாம். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பதையும் பயணத் திட்டத்தில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

தொலைவிலிருந்து வருவோர், நாள்தோறும் வந்துபோக வேண்டிய கதிர்வீச்சுக் காலத்தில் மருத்துவமனையருகே தங்குவதே சிக்கனம். இதனைச் சிகிச்சை தொடங்கும் முன்பே தெரிவித்தால், உள்நோயாளியாகச் சேர்க்க இயலுமா, அறக்கட்டளை விடுதிகளில் இடம் உள்ளதா என்று பார்க்க முடியும். சிகிச்சை பெறும் குழந்தைகளும் பெற்றோரும் கட்டணமின்றித் தங்குவதற்கான இல்லங்களைச் செயின்ட் ஜூட் அமைப்பு சென்னை உள்ளிட்ட நகரங்களில் நடத்துகிறது. அரசு மருத்துவமனை வளாகங்கள் பலவற்றில் இயங்கும் அம்மா உணவகங்களில் குறைந்த விலையில் உணவு கிடைக்கிறது. உடனிருப்பவர் பட்டினி கிடந்து பணத்தை மிச்சப்படுத்தும் காட்சியை நாங்கள் விரும்பவில்லை. அவர் படுத்துவிட்டால் நோயாளிக்கு யார் துணை?

இழந்த வருமானத்திற்கு

இ.எஸ்.ஐ. உறுப்பினர் நோயுற்றால் ஓராண்டில் 91 நாட்கள் வரை, ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவித்தொகையாகப் பெறலாம். புற்றுநோய் நீண்டகால நோய்களின் பட்டியலில் உள்ளது. எனவே குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பணியில் இருந்து, சந்தா விதிகளையும் நிறைவு செய்தவர்களுக்கு, 80 விழுக்காடு வீதம் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்கப்பட்ட உதவித்தொகை கிடைக்கக்கூடும். பணியை விட்டு விலகக் கடிதம் எழுதும் முன் இதனை விசாரித்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் எழுதிய ஒரு விலகல் கடிதம் இவ்வுரிமையை இழக்கச் செய்துவிடும். வருங்கால வைப்பு நிதி உறுப்பினர்கள் மருத்துவத் தேவைக்காகத் திருப்பிச் செலுத்த வேண்டாத முன்பணம் பெறலாம். பழைய வரிமுறையில் வருமான வரி செலுத்துவோர், புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செலவிட்ட தொகையில் 40,000 ரூபாய் வரையும், நோயாளி 60 வயது நிறைந்தவராயின் 1,00,000 ரூபாய் வரையும் கழிவு கோரலாம். இதற்குச் சிறப்பு மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு தேவை.

பெற்றோரில் ஒருவர் நோயுற்றால் குழந்தையின் பள்ளிப் படிப்பு முதலில் நின்றுவிடும் குடும்பங்கள் உள்ளன. உயிருக்கு ஆபத்தான நோயால் பாதிக்கப்பட்ட பெற்றோரின் பிள்ளைகளுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை வழங்க இடமுண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். 1098 என்ற எண்ணிலும் வழிகாட்டுவார்கள்.

மருந்துச் செலவைக் குறைக்க

ஒரே மருந்து பல நிறுவனப் பெயர்களில் பல விலைகளில் விற்கப்படுகிறது. விலை குறைந்த பொதுப்பெயர் மருந்து உள்ளதா என்று எங்களிடம் தயங்காமல் கேளுங்கள். புற்றுநோய் மருந்துகள் 42க்கு விற்பனை இலாபத்தை 30 விழுக்காட்டிற்குள் அடக்கும் ஆணையை மத்திய அரசு 2019இல் பிறப்பித்தது. வாந்தி, வலி, தொற்று ஆகியவற்றுக்கான துணை மருந்துகள் பலவும் மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் மாத்திரைகள் நீடித்து வர வேண்டும் என்பதற்காக ஒரு நாள் விட்டு ஒரு நாள் உட்கொள்வதையோ, பாதியாக உடைத்து உண்பதையோ ஒருபோதும் செய்யாதீர்கள். அவ்வாறு செய்யும் நிலை வந்தால் அன்றே எங்களிடம் வாருங்கள்.

வீட்டிலும் துணை உண்டு

நோய் முற்றிய நிலையில், வலியைப் போக்கவும் புண்களைப் பராமரிக்கவும் ஒவ்வொரு முறையும் நகரத்திற்கு வர வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிற்கே வந்து வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அளிக்கும் பணியாளர்கள் உள்ளனர். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். மனம் தளரும் வேளையில், நோயாளியும் பராமரிப்பவரும் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசகருடன் பேசலாம்.

சில எச்சரிக்கைகள்

காப்பீட்டு அட்டை பெற்றுத் தருவதாகவோ, நிவாரண நிதி வாங்கித் தருவதாகவோ பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்பாதீர்கள். இங்கே குறிப்பிட்ட உதவிகளுக்குத் தரகுத் தொகை எதுவும் கிடையாது. கந்துவட்டிக்குக் கடன் வாங்கும் முன் ஒரு நாள் பொறுத்து எங்களிடம் பேசுங்கள். மிகை வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் நடைமுறையில் உள்ளது. நகையை அடகு வைத்தே தீர வேண்டுமெனில் வங்கியையோ கூட்டுறவுச் சங்கத்தையோ நாடுங்கள். ஊக்கத்தொகை, வரம்பு, விதி ஆகியவை அவ்வப்போது மாற்றப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாயாருக்குப் பின்னர் எங்கள் துறையில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். சிகிச்சைத் திட்டத்தை எழுதி முடித்ததும், ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் கேட்கிறோம்: எப்படி வந்துபோவீர்கள்? யார் உடன் வருவார்? இத்தனை வாரங்கள் வீட்டுச் செலவுக்கு என்ன வழி? கூட்ட நெரிசலில் நாங்கள் கேட்க மறந்தால், நீங்களே தொடங்குங்கள். "ஐயா, செலவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்" என்ற ஒரு வாக்கியம் போதும். நோயின் அறிகுறியை எங்களிடம் மறைக்கமாட்டீர்கள்; பணமுடையையும் அவ்வாறே மறைக்காமல் சொல்லுங்கள். தொடங்கிய சிகிச்சை குறித்த நாளில் நிறைவுபெற வேண்டும் என்பதில் உங்களுக்கு உள்ள அக்கறை எங்களுக்கும் உண்டு.